வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள்

பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானவரை மருத்துவமனை சில நாட்களில் அல்லது சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதன் பிறகு அவருக்கு நடக்கும் வைத்தியத்தில் பெரும் பகுதியைச் செய்வது மனைவியோ மகளோ மருமகளோதான். சில வீடுகளில் கணவனும் மகனும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி செலுத்துவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, டயாப்பர் மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பது என்று இரவிலும் வேலை ஓயாது. சம்பளம் இல்லை, வார விடுப்பு இல்லை, மாற்றிவிட இன்னொருவர் இல்லை. மறதி நோய் முற்றிய முதியவரையும், மனச்சிதைவு உள்ள மகனையும், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தையையும் வைத்துப் பார்ப்பவர்கள் நிலையும் இதுதான். அங்கே இந்த வேலை பல வருடங்களுக்கு, சிலருக்கு ஆயுள் முழுக்க நீளும்.

இந்திய அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தனர். நாளுக்குச் சராசரியாக 140 நிமிடம். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர், 74 நிமிடம். ஆரோக்கியமான குழந்தைகளை வளர்ப்பதும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே, எழுந்து நடக்க முடியாத ஒருவரை வைத்திருக்கும் வீட்டின் பாரத்தை இந்தச் சராசரி காட்டாது.

பாரம் முதலில் உடம்பில் தெரியும். தூக்கும் முறை தெரியாமல் தூக்குவதால் இடுப்பும் முதுகும் போகின்றன. தூக்கம் கெடுகிறது. அடுத்தவருக்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுப்பவர் தன் ரத்த அழுத்த மாத்திரையை வாங்கப் போக நேரமின்றித் தள்ளிப்போடுகிறார். மனப் பாரத்தை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஜாரிட்டும் உடன் ஆய்வாளர்களும் 1980-ல் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டனர். உங்களுக்கென்று நேரம் கிடைக்கிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, உங்கள் உடல்நலம் கெட்டிருக்கிறதா என்பவை அதில் உள்ள கேள்விகளில் சில. நோயாளியோடு வரும் மகளிடம் இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் நம் புறநோயாளிப் பிரிவுகளில் இவை பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. கோபம் வந்ததற்காகக் குற்ற உணர்ச்சியில் புழுங்குபவருக்கு, அது களைப்பின் விளைவு என்று ஒரு மருத்துவர் சொல்வதே பெரிய ஆறுதலாக இருக்கும்.

அடுத்தது பணம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் நின்றுவிடுவார், செலவோ கூடும். காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனைச் சிகிச்சையோடு நின்றுவிடுவதால் டயாப்பர், ஏர் பெட், ஹோம் நர்ஸ் எல்லாம் கைக்காசு. தமிழ்நாட்டில் கடும் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அது மாற்றுத்திறனாளியின் பெயரில் வருவது. கேரளத்தின் 'ஆஸ்வாசகிரணம்' திட்டம் படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கே மாதம் 600 ரூபாய் என வகுத்தது. தொகை மிகச் சிறிது. ஆனாலும் பராமரிப்பவரைத் தனி ஆளாக ஓர் அரசு எண்ணியது முக்கியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ம் அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படியைக் குறிப்பிடுகிறது.

பிரிட்டனில் வாரம் 35 மணி நேரமாவது பராமரிப்பவருக்கு 1976-லேயே உதவித்தொகை வந்தது. ஆனால் திருமணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய எண்ணம். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1986-ல் அதைத் தவறென்றது. இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: பராமரிப்பவரின் சொந்தத் தேவைகளைத் தனியாக மதிப்பிட்டாக வேண்டும் என்றது.

தமிழ்நாட்டில் உடனே செய்யக்கூடியது பயிற்சி. படுக்கை விரிப்பைக் கொண்டே ஆளை நகர்த்துவது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து உணவு செலுத்துவது, புண்ணின் முதல் சிவப்பைக் கண்டுபிடிப்பது ஆகியவற்றை டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் செவிலியர் செய்து காட்டலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையையும் பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. அப்படி வரும் ஊழியர் நோயாளியின் அருகில் நிற்பவரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக் குறித்துக்கொண்டால், தனித் திட்டமே தேவையில்லை.

இதைவிடக் கடினமானது ஓய்வு. உறவினர் கல்யாணத்துக்குப் போய்வரவோ, தன் கண் அறுவை சிகிச்சைக்குப் படுக்கவோ நோயாளியைச் சில நாள் நம்பி விட்டுச்செல்ல இடம் வேண்டும். அல்லது பழகிய ஆள் ஒருவர் வீட்டுக்கு வர வேண்டும். கட்டணம் கொடுக்கும் வசதியில்லாத வீட்டுக்கு இது இன்று அநேகமாக எட்டாதது. அதுவரை அந்த ஓய்வைத் தரக்கூடியவர்கள் உடன்பிறந்தவர்கள்தான். வெளியூரிலிருந்து பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், வருடத்தில் சில வாரமாவது வந்து இரவு விழிப்பை அவர்கள் ஏற்பது நியாயம்.

நோயாளி இறந்ததும் இங்கே எல்லா உதவியும் நின்றுபோகிறது. பிரிட்டனில் பராமரிப்புத் தொகை அதன் பிறகும் எட்டு வாரம் வரை தொடரும். பத்து வருடம் வேலையை விட்டிருந்த நாற்பத்தைந்து வயது மகளுக்கு எட்டு வாரமும் போதாது. மறுபடி வேலை தேட வழிகாட்டலும், புதிய தொழிற்பயிற்சியில் வயது வரம்புத் தளர்வும் அவருக்குத் தேவை.