கைபேசிக் கோபுரங்களின் பட்டியல்

நகரத்து மாடிகளின் உச்சியில் இரும்புக் கோபுரங்கள் நிற்பதைக் காண்கிறோம். கோயிலுக்குரிய பெயரை இவற்றுக்கும் வழங்கிவிட்டோம்! கைபேசியிற் பேசும் பேச்சை வானொலி அலைகளாக ஏற்று, அலைகளாகவே அனுப்புவன இவற்றில் உள்ள கருவிகள். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. அது எந்த நிறுவனத்தினுடையது, எத்துணை ஆற்றலோடு அலைகளை வீசுகிறது என்பன தெருவில் நின்று அறியக்கூடியன அல்ல. இவற்றை அறியும் உரிமை மக்களுக்கு உண்டா? இவ்வினா பிரிட்டனில் பல ஆண்டுகள் வழக்காக நடந்தது.

2000ஆம் ஆண்டில், சர் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு அறிக்கை ஒன்று வெளியிட்டது. வரம்புக்கு உட்பட்ட அலைகளால் பொதுமக்களுக்குத் தீங்கு நேர்வதாகக் கிடைத்த சான்றுகள் காட்டவில்லை என்றே அக்குழு கூறிற்று. ஆயினும், எல்லாக் கோபுரங்களின் விவரங்களையும் மக்கள் காணும்படி அரசு தொகுத்து வைத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவ்வாறே 2001இல் ‘சைட்ஃபைண்டர்’ என்னும் இணையத்தளம் தோன்றியது. இலண்டனில் வாழும் ஒருவர் தம் அஞ்சற் குறியீட்டை அதில் இட்டால், அருகிலுள்ள கோபுரங்கள் நிலப்படத்தில் குறிகளாகத் தெரியும். ஆன்டெனாவின் உயரம், அலையின் அதிர்வெண், ஆற்றல் ஆகியவற்றையும் அறியலாம். ஆனால், குறி காட்டும் இடம் ஏறக்குறையச் சரியானதே. ஏறக்குறைய என்பது ஒரு குடும்பத்துக்குப் போதும்; ஆராய்வார்க்குப் போதுமோ?

2005இல் ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதார அலுவலர் ஒருவர், ஒவ்வொரு கோபுரத்தின் துல்லியமான இடத்தையும் கேட்டார். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ‘ஆஃப்காம்’ மறுத்தது. முழுப் பட்டியல் தீயோர் கையிற் சிக்கினால் பொதுப் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்பது ஒரு காரணம். அத்தொகுப்பில் நிறுவனங்களுக்கு அறிவுசார் உடைமை உண்டு என்பது மற்றொன்று. சுற்றுச்சூழல் பற்றிய தகவலை மக்கள் கேட்டுப் பெறலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆதலின், விவரத்தைத் தருமாறு தகவல் ஆணையர் பணித்தார். 2007இல் தீர்ப்பாயமும் அதனை ஏற்றது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ ஆஃப்காமின் பக்கம் சாய்ந்தது. உச்ச நீதிமன்றம் ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. மறுப்புக்குரிய காரணங்களைத் தனித்தனியே நிறுத்தபின், ஒருங்கு சேர்த்தும் நிறுக்கலாம் என்று 2011இல் அந்நீதிமன்றம் விடை பகர்ந்தது. தனித்தனியே எடை குறைந்த காரணங்கள் கூடி நின்று வெல்லலாம் என்பது எனக்கு முழுதும் உடன்பாடு அன்று.

வழக்கினும் பெரிய குறை ஒன்று இருந்தது. அவ்விவரங்களை நிறுவனங்கள் தாமாக விரும்பியே தந்துவந்தன. தந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளடைவில் புதிய விவரங்கள் வருவது நின்றது. பட்டியல் பழையதாயிற்று, பின்னர்த் தளமும் மூடப்பட்டது.

நம் நாட்டில், தம் கோபுரங்களின் அலைவீச்சு வரம்புக்கு உட்பட்டதே என்று நிறுவனங்கள் அரசுக்குச் சான்று அளித்தல் வேண்டும். 2017இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ‘தரங் சஞ்சார்’ என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. தரங்கம் என்றால் அலை; தரங்கம்பாடி என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல்லைக் காணலாம். சென்னையில் வாழ்வார் தம் தெருவைச் சூழ்ந்த கோபுரங்களை அத்தளத்தின் நிலப்படத்திற் காண வழி செய்யப்பட்டது. ஐயம் எழுந்தால், கட்டணம் செலுத்தி, அவ்விடத்து அலைவீச்சை அளந்து தருமாறு துறையைக் கேட்கவும் அதில் இடம் வைத்தனர்.