லோடர் வாங்கப் போறீங்களா? பின்சக்கரத்தைப் பாருங்க!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது ராக்கெட்டுக்கும் ரோபோவுக்கும் ஏற்கெனவே ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது எங்க தோட்டத்து டிராக்டர்தான். நம்மில் பாதிப்பேர் பண்ணையக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் தைரியமாக அதையே எழுதுகிறேன்.

எங்களுக்கு மோகனூர்ப் பக்கம் கரும்பு, வாழை, கொஞ்சம் தென்னை. நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணைக்குப் பஞ்சமில்லை, அதனால் எருவுக்கும் பஞ்சமில்லை. வருஷா வருஷம் கோழி எரு வாங்கிக் குவித்து, டிப்பரில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். கோடையில் அனுமதி வாங்கி ஏரி வண்டலும் அடிப்போம். முன்பு நாலு பேர் மம்பட்டியும் கூடையுமாக இறங்கினால் ஒரு டிப்பர் ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது அந்த நாலு பேரே கிடைப்பதில்லை. ஜேசிபியை வாடகைக்குக் கூப்பிடலாம் என்றால், நாம் எரு அடிக்கிற அதே வாரத்தில்தான் ஊரே எரு அடிக்கும்! "இருக்கிற டிராக்டருக்கே முன்னால ஒரு லோடர் மாட்டிரலாம் கண்ணு" என்றார் அப்பா.

விற்க வந்தவர், "800 கிலோ அசால்ட்டா தூக்குமுங்க" என்றார். அப்பா விலையைக் கேட்டார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. (அப்போது நான் முதலாமாண்டு. பெரிய இன்ஜினியர் என்ற நினைப்பு வேறு.)

தூக்குவது லோடருக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. 63 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 31 சதுர செ.மீ. ஆயில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 150 கிலோ என்றால் ஒரு சிலிண்டரே 4,650 கிலோ தள்ளும். இரண்டு சிலிண்டருக்கு ஒன்பது டன். நெம்புகோல் கணக்கில் அதில் பெரும்பகுதி போய்விட்டாலும் மிச்சம் தாராளம். அத்தனையையும் தாங்கி நிற்க வேண்டிய டிராக்டரைப் பற்றி விற்றவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வாங்கிய முதல் கோடை. வண்டல் ஏற்றிக்கொண்டிருந்தோம். சித்தப்பா பக்கெட் நிறைய ஈர மண்ணோடு, கையை உயரத் தூக்கியபடியே கரை இறக்கத்தில் வந்தார். பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் இரண்டும் நின்றுவிட்டன, ஆனால் டிராக்டர் நிற்கவில்லை! நின்ற சக்கரம் நின்றபடியே வழுக்கிக்கொண்டு வருகிறது. கீழே டிப்பர் ஓரமாக சித்தப்பா மகன், எட்டாவது படிக்கிற தம்பி. நல்லவேளை, சித்தப்பா லீவரைத் தட்டி பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட்டார். பக்கெட் மண்ணில் ஊன்றி வண்டி நின்றது. தம்பிக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இரண்டடி இருந்திருக்கும். அன்றைக்கு யாரும் வேலை செய்யவில்லை.

ராத்திரி அப்ளைடு மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நீங்களும் பென்சிலை எடுங்கள். டிராக்டர் 2,000 கிலோ. முன் அச்சில் 800, பின் அச்சில் 1,200 என்று வைத்துக்கொள்வோம். அச்சுகளின் இடைவெளி 2 மீட்டர். லோடர் 400 கிலோ, அதன் எடை முன் அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால். பக்கெட்டில் 500 கிலோ, 1.5 மீட்டர் முன்னால். முன் அச்சை மையமாக வைத்து மொமென்ட் எடுத்தால் 240 + 750 = 990. இரண்டால் வகுத்தால் 495. இந்த 495 கிலோவும் பின் அச்சிலிருந்து காணாமல் போகிறது. பின்னால் மிச்சம் 705. முன்னாலோ 800 இருந்த இடத்தில் 2,195!

சாதாரண இரு சக்கர இழுவை டிராக்டரில் பிரேக் இருப்பதே பின்சக்கரத்தில்தான். அந்தச் சக்கரம் தரையை அழுத்தவில்லை என்றால் பெடலை எவ்வளவு மிதித்து என்ன? இறக்கத்தில் இன்னும் கொஞ்சம் எடை முன்னால் சாயும். பக்கெட் உயரத்தில் இருந்தால் குப்புறவோ பக்கவாட்டிலோ கவிழவும் செய்யும்.

இதற்கு மருந்து பின்னால் எதிர் எடை. மூணு பாயிண்ட் லிங்கில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 400 கிலோ மாட்டினால் பின் அச்சில் 600 கிலோ கூடும், முன் அச்சில் 200 குறையும். பின்னால் 1,305 ஆகிவிடும். நாங்கள் பழைய 200 லிட்டர் பேரலில் முக்காலுக்கு மேல் கான்கிரீட் போட்டு, குறுக்கே லிங்க் மாட்ட கம்பி கொடுத்து வார்த்தோம். கான்கிரீட் காய்வதற்குள் தம்பி ஆணியால் தன் பெயரைக் கீறி வைத்துவிட்டான். ரோட்டாவேட்டரை மாட்டியே ஓட்டுகிறவர்களும் உண்டு. பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும் நல்லதே, ஆனால் அது முன் அச்சின் பாரத்தைக் குறைக்காது. முன் பம்பரில் கம்பெனி மாட்டிக் கொடுத்த இரும்பு எடைகளைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கும் கொக்கியைப் போட்டுத்தான் லோடர் ஓட்ட வேண்டும். உழவுக்குக் கழற்றிவிட்டு மறந்துபோவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் என்ன அள்ளப்போகிறோம் என்பதை. பக்கெட் 10 கன அடி என்றால் காய்ந்த கோழி எரு 150 கிலோவுக்குள் அடங்கும். அதே பக்கெட்டில் ஈர வண்டல் 500 கிலோ. எருவுக்கென்று பெரிய பக்கெட் வாங்கி வண்டலில் விட்டால் எங்கள் கதைதான். '800 கிலோ' என்றால் எந்த இடத்தில், எந்த உயரத்தில் என்று கேளுங்கள். பக்கெட் மாட்டும் பின்னில் சொல்கிற கணக்கு, பக்கெட் நடுவில் குறைந்துவிடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிக்கு லோடர் வேண்டாம், தோள் போய்விடும். நாலு சக்கர இழுவை டிராக்டராக இருந்தால் முன் அச்சு கனமானது, ரொம்ப நல்லது. இன்னொன்று: லோடர் அள்ளுவதற்கு, தோண்டுவதற்கு அல்ல. வேர் பிடுங்கவும் கெட்டி மண் வெட்டவும் ஜேசிபியையே கூப்பிடுங்கள். ஒரு மூலையால் குத்தித் தோண்டினால் கை முறுக்கிக்கொள்ளும்.

பராமரிப்புக்கு வருவோம். பின், புஷ் எல்லாவற்றுக்கும் எட்டுப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ். லோடர் சட்டத்தை டிராக்டரோடு பிணைக்கும் போல்ட்டுகளை, புதிதில் முதல் பத்து மணி நேரத்திலேயே மறுபடி முடுக்க வேண்டும். லூசாக விட்டால் கிளட்ச் ஹவுசிங்கே விரிசல் விடும். ஆயில் அளவைப் பக்கெட்டைத் தரையில் வைத்துப் பாருங்கள். பால் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹோஸ் மாட்டும் வாயைத் துடைக்காமல் மாட்டினால் மண் பம்ப் வரை போகும். கோழி எரு இரும்பைத் தின்னும், அன்றன்றே கழுவிவிடுங்கள். ரேடியேட்டரில் அடையும் எருத் தூசியையும் தட்டிவிட வேண்டும்.

ஹோஸில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்தது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகி விரல், கை என்று எடுக்க வேண்டி வரலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, என்ஜினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். தூக்கி நிற்கும் பக்கெட்டுக்கு அடியில் யாரும் போகக் கூடாது, அதைப் பிடித்து வைத்திருப்பது வெறும் ஆயில்.

பழைய லோடர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. பக்கெட் நிறைய மண் அள்ளி இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டு எட்ட நின்று பத்து நிமிஷம் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.