ஆட்டிசம்: “லேசானதா, கடுமையானதா?” என்று கேட்பதில் உள்ள சிக்கல்

மருத்துவ உதவி, கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் தருபவையும் இருக்கின்றன. பள்ளியிலும் உறவுக்குள்ளும் ஜமாஅத்திலும் இவர்களிடம் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: “லேசானதா, கடுமையானதா?” லேசானது என்றால், “அப்போ பரவாயில்லை, வளர்ந்தா சரியாயிடும்” என்கிறார்கள். கடுமையானது என்றால் “பாவம்” என்கிறார்கள். இரண்டு பதிலுக்குப் பிறகும், பிள்ளைக்கு என்ன தேவை என்று யாரும் கேட்பதில்லை.

அரசு ஆவணங்களில் இந்நிலையைப் ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ என்று எழுதுகிறார்கள். சிந்தனையே இல்லை என்பது போல ஒலிக்கும் அந்தச் சொல் எங்களுக்கு உடன்பாடானதல்ல. மக்கள் வாயில் புழங்கும் ‘ஆட்டிசம்’ போதும்.

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம்தான் அதை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் இருந்தால்தான் இடஒதுக்கீடு போன்ற உரிமைகளைக் கேட்க முடியும். அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை.

செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள் உள்ளன. பிள்ளையைக் கவனித்தும் பெற்றோரிடம் விசாரித்தும் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். அரிதாக நடந்தால் 1, எப்போதும் நடந்தால் 5. கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

இந்தக் கூட்டலை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 40 கேள்விகளில் நடத்தை பற்றியவை 7, ஓசை, வெளிச்சம், தொடுகை போன்ற புலன்கள் பற்றியவை 6. தன்னைத் தானே அடித்துக்கொள்வது நடத்தைப் பகுதியில் வருகிறது. ஒரு பிள்ளை இந்த 13 கேள்விகளிலும் முழு மதிப்பெண் பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம்: 65. பேச்சு, பழக்கம், அறிவு முதலான மீதி 27 கேள்விகளிலும் சிக்கலே இல்லை: 27. மொத்தம் 92. நாள் முழுக்கத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் அந்தப் பிள்ளைக்கு ‘லேசானது’ என்று எழுதப்படும். ஒரு வார்த்தையும் பேசாத, ஆனால் அமைதியாக இருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் அதே 92 வரலாம். இவ்வளவு கச்சிதமாக யாருக்கும் அமையாது என்பது உண்மை. ஆனால் ஆறு வெவ்வேறு விஷயங்களைக் கூட்டி ஒரே எண்ணாக்கினால் என்ன ஆகும் என்பதை இது காட்டுகிறது.

இடமும் நேரமும் மாறினால் தேவையும் மாறும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். நன்றாகப் படிக்கும், தெளிவாகப் பேசும் ஆட்டிசப் பிள்ளை அப்படிப்பட்ட இரவில் கூச்சலையும் நெரிசலையும் தாங்காமல் கட்டிலுக்கு அடியில் போய் உறைந்துவிடலாம். பேசாத பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம். அந்த நேரத்தில் யாருக்கு ஆள் தேவை? கண்டெய்னர் லாரிகள் ஓயாத சாலையோரத்தில் குடியிருக்கும் பிள்ளையும், உள்தெருவில் இருக்கும் பிள்ளையும் ஒரே மாதிரி தூங்குவதில்லை. வீட்டில் உர்தூவும் பள்ளியில் தமிழும் கேட்டு வளரும் பிள்ளையின் பேச்சை எந்த மொழியில் அளந்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் கையேடு ஆட்டிசத்தை மூன்று நிலைகளாகப் பிரித்தது. அதே கையேடு, நிலை இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறலாம் என்றும், யாருக்கு என்ன சேவை என்று முடிவு செய்ய இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2,225 பேரின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், அறிவுத்திறன் எண்ணை வைத்து அன்றாட வாழ்க்கைத் திறனைச் சரியாகக் கணிக்க முடியாது என்று கண்டார்கள். ‘திறன் மிகுந்த ஆட்டிசம்’ என்ற பெயரே தவறு என்பது அவர்கள் முடிவு. தரம் பிரிப்பது எதுவரை போகும் என்பதற்கு நாஜி ஆட்சிக்கால வியன்னா சாட்சி. ஆஸ்பெர்கர் என்ற மருத்துவர், தேறமாட்டார்கள் என்று கருதிய சில குழந்தைகளை, குழந்தைகள் கொல்லப்பட்டுவந்த நிலையத்துக்கு அனுப்பினார் என்பதை 2018-இல் வெளியான ஆய்வு ஆவணங்களோடு காட்டியது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இருபத்துநான்கு மணி நேரமும் கூடவே ஆள் தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோர், “கடுமையானது என்ற சொல்லையும் எடுத்துவிட்டால் எங்களை யார் பார்ப்பார்கள்?” என்று அஞ்சுகிறார்கள். அவர்கள் சொல்வதை ஒதுக்க முடியாது. ஆனால் அதற்குச் சட்டத்திலேயே நல்ல வழி இருக்கிறது. 2016 சட்டத்தின் 38-ஆவது பிரிவு ‘அதிக ஆதரவு’ தேவைப்படுவோர் அதற்கு மனுச் செய்யலாம் என்கிறது. அங்கே பேச்சு, தேவை என்ன என்பதைப் பற்றியது. உச்ச நீதிமன்றமும் 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், சதவீதம் ஒன்றை மட்டும் வைத்து ஒரு மாணவரின் மருத்துவப் படிப்பைத் தடுக்க முடியாது, அவரால் படிக்க இயலுமா என்று குழு ஆராய வேண்டும் என்று கூறியது.

ஆகவே சான்றிதழ் வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது அவசியம். மதிப்பீட்டுக்குப் போகும்போது வெட்கப்பட்டு எதையும் மறைக்காதீர்கள். “எல்லாம் செய்வான்” என்று தாய்மார்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு வரி, மதிப்பெண்ணை இறக்கிவிடும். தூக்கம், சாப்பாடு, கழிப்பறை, அடம், தன்னைத் தாக்கிக்கொள்வது, வெளியே ஓடிவிடுவது ஆகியவற்றை முந்தைய ஒரு வாரம் தேதி போட்டு எழுதி, வகுப்பாசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்கிச் செல்லுங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் நேஷனல் டிரஸ்ட்டின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கிடையாது.

நம் அறக்கட்டளையின் மனுப் படிவத்தில் சதவீதம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே நான்கு கேள்விகள் உண்டு: பிள்ளை தன் தேவையை எப்படித் தெரிவிக்கிறது? எதில் ஆள் துணை வேண்டும்? எது பிள்ளையை அதிகம் வருத்துகிறது? கவனித்துக்கொள்பவர் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? எழுதத் தயங்குபவர்கள் வந்து சொன்னால் போதும், நாங்களே எழுதிக்கொள்கிறோம். கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதையும் நிரப்பித் தாருங்கள்.