மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள்

மகன் கஞ்சாவோடு பிடிபட்டால் வீடே அதிர்ந்துபோகிறது. அவன் சட்டைப் பையில் வலி மாத்திரை அட்டை கிடந்தால், "கிரிக்கெட் ஆடி உடம்பு வலித்திருக்கும்" என்று துவைக்கப் போட்டுவிடுகிறோம். டேபென்டடால், டிரமடால் போன்ற மாத்திரைகள் அபின், ஹெராயின் குடும்பத்தைப் போலவே வேலை செய்பவை. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் கடும் வலிக்கு மருத்துவர் அளந்து தருவது மருந்து. அதே மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது வேறு கதை.

இவ்வகை மருந்துகள் மூளையில் வலியை அடக்கும்போதே, சுவாசத்தை நடத்தும் பகுதியையும் மந்தப்படுத்துகின்றன. நாளாக ஆக, பழைய அளவில் போதை ஏறுவதில்லை, அளவைக் கூட்டுகிறார்கள். ஆனால் சுவாசப் பகுதி அந்த வேகத்தில் பழகிக்கொள்வதில்லை. சில வாரம் விட்டிருந்தால் உடல் பழகியதும் போய்விடும். மறுபடி பழைய அளவையே எடுப்பவர்கள் அதிகம் சாவது இதனால்தான். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஊசியில் ஏற்றும்போது, மாத்திரையை உருட்டக் கலக்கும் மாவுப் பொருள்கள் ரத்தத்தில் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்கின்றன. ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி.

மெத்தாம்பெட்டமைன், கோகெய்ன் இதற்கு நேர் எதிர். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உடல் சூட்டையும் ஏற்றிவிட்டு, தூக்கத்தைக் கெடுத்து, யாரைப் பார்த்தாலும் சந்தேகப்பட வைக்கும். கஞ்சாவை மூலிகை என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. வளரும் வயதில் தொடங்குபவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மூலிகை அது. பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் முகர்வது சின்னப் பையன்களின் விளையாட்டல்ல. முதல் முறையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் உண்டு.

"ரூமில் போட்டுப் பூட்டினால் ஒரு வாரத்தில் தெளிஞ்சிடுவான்" என்று சொந்தக்காரர் ஒருவராவது சொல்வார். கேட்காதீர்கள். அபின் வகையை நிறுத்தினால் மூக்கொழுகல், உடல் வலி, வயிற்றுப்போக்கு என்று படுத்தி எடுக்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தினமும் அதிகமாகக் குடித்தவரோ, நெடுநாள் தூக்க மாத்திரை போட்டவரோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து சாகவும் கூடும். எதை நிறுத்துகிறோம் என்று தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

ஒருவர் எழுப்பியும் எழாமல், விட்டுவிட்டுக் குறட்டையிட்டு, உதடு நீலம் பாரித்து, கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தால் அது தூக்கமல்ல. 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மாத்திரை அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அபின் வகையின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து உண்டு. எதை உட்கொண்டார் என்று தெரிந்தால் அதைத் தருவதில் தாமதம் இருக்காது.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வருமே என்ற பயத்தில் காலம் கடத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளான, போதைக்கு அடிமையான ஒருவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர் மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். போதைக்கு அடிமையாகாமல் விற்பனை மட்டும் செய்பவருக்கு இது பொருந்தாது.

மறுவாழ்வு மையம் என்ற பெயரில் அடித்து உதைக்கும் இடங்களும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் நோயாகவே ஏற்கிறது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. சேர்க்கும் முன் மையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள், மருத்துவர் வருகிறாரா என்று பாருங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடம் உங்கள் பிள்ளைக்கு வேண்டாம்.

டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கும் கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுக்கலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டுமே கட்டணமில்லாத எண்கள். மகன் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்காமல், முதல் அழைப்பைப் பெற்றோரே செய்யலாம்.