ஓசை உரைக்கும் செய்தி

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நமக்கு ஓசை புதிதன்று. துறைமுகத்தில் கேட்கும் கப்பலின் ஊதல் வெறும் இரைச்சல் அன்று. அது ஒரு மொழி. 1972-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுக் கடல் விதிகளின்படி, ஒரு குறும் ஊதல் 'வலப்புறம் திரும்புகிறேன்' என்றும், இரண்டு 'இடப்புறம் திரும்புகிறேன்' என்றும் பொருள்படும். ஐந்து ஊதல்கள் 'உன் எண்ணம் எனக்கு விளங்கவில்லை' என்னும் எச்சரிக்கை.

நம் அடுப்பங்கரையிலும் இத்தகைய மொழி உண்டு. பிரஷர் குக்கரில் நீராவியின் அழுத்தம் மிகும்போது மேலுள்ள வெயிட் உயர்ந்து, ஆவி வெளியேறி விசில் ஒலிக்கிறது. உள்ளே நீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசில் கொதிப்பதால் பருப்பு விரைவில் வேகிறது. அடுத்த அறையில் இருக்கும் அம்மாவும் விசிலை எண்ணியே பதம் அறிகிறார். நெடுநேரம் விசில் வராவிட்டால் அந்த மௌனமும் ஒரு செய்தியே. நீர் வற்றியிருக்கலாம், ஆவித்துளை அடைபட்டிருக்கலாம். உடனே அடுப்பை அணைக்க வேண்டும். ஆவி முழுதும் அடங்குமுன் மூடியைத் திறக்கலாகாது.

ஆனால் இன்றைய சலவை இயந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகிய பலவும் 'பீப்' என்று ஒன்றுபோலவே கத்துகின்றன. வேலை முடிந்ததா, கதவு திறந்திருக்கிறதா என்று எப்படி அறிவது? மிகவும் கீச்சென்ற ஒலி முதியோர் செவியில் விழுவதும் அரிது. ஆகவே ஜப்பான் 2002-இல் வகுத்த தரவிதி, ஒலியின் அதிர்வெண் 2,500 ஹெர்ட்சுக்கு மேற்படாதிருக்கப் பரிந்துரைத்தது. தொடக்கத்திற்கு ஓர் ஒலி, முடிவிற்கு ஓர் ஒலி, எச்சரிக்கைக்கு வேறோர் ஒலி என்பதே நன்முறை.

தோழியரே, நாளை நம்மில் பொறியியல் பயில்வோர், கண் மங்கிய பாட்டிக்கும் விளங்கும் ஒலியை அமைப்போமாக!