24 மணி நேரச் சராசரி

2023 டிசம்பர் 26, இரவு 11.45 மணி. வடசென்னை எண்ணூரில், பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் ஒரு குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கப்பலிலிருந்து உர ஆலைக்குத் திரவ அம்மோனியாவைக் கொண்டுவரும் குழாய் அது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் எழுந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையருகே அளந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தேசியத் தர வரம்பு 400.

அந்த 400 எதற்கான வரம்பு என்பதைக் கவனிக்க வேண்டும். அது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 2,090 என்ற அளவு ஒரு மணி நேரம் நீடிக்கிறது, மீதி 23 மணி நேரமும் காற்றில் 20 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. சராசரி 106. தேசியக் காற்றுத் தரக் குறியீட்டில் அம்மோனியா 200 வரை ‘நல்லது’ என்ற வகையில் வரும். ஆகவே அம்மோனியாவைப் பொறுத்தவரை அந்த நாள் நல்ல நாள். 2,090 நான்கு மணி நேரம் நீடித்தால் சராசரி 365. அது ‘திருப்தி’ என்ற வகை. தேசியத் தர வரம்பும் மீறப்படவில்லை.

இதில் எவரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. விதியே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஓர் ஊரின் காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நம் கையில் இருக்கும் கருவி இந்த விதியில்தான் இயங்குகிறது.

காற்றுத் தரக் குறியீடு 2015 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் அறிமுகமானது. இரண்டு அளவு நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் என எட்டு மாசுகள் இதில் உண்டு. எட்டையும் அளந்தாக வேண்டும் என்பதில்லை. மூன்று போதும், அவற்றில் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே ஒரு துணைக் குறியீடு கணக்கிட்டு, அவற்றில் பெரியதை அன்றைய குறியீடாக அறிவிப்பார்கள். 50 வரை நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதம். அதற்கு மேல் மோசம், மிக மோசம், கடுமை. பென்சீன் இந்தப் பட்டியலிலேயே கிடையாது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். சுத்திகரிப்பு ஆலையிலும் பெட்ரோல் பங்கிலும் காற்றில் கலப்பது. தேசியத் தரப் பட்டியலில் அதற்கு ஆண்டுச் சராசரி வரம்பு உண்டு, 5 மைக்ரோகிராம். ஆனால் கைப்பேசியில் தெரியும் எண்ணுக்குள் அது வராது.

எந்த ஊரிலும் பெரும்பாலும் பேசப்படுவது பி.எம். 2.5. குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கிருந்து இதன் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது.

இந்தத் துகள் நாள் சராசரியாக 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் இந்தியக் குறியீடு அதை ‘நல்லது’ என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு அளவு 15. 60 வரை இருந்தால் இங்கே ‘திருப்தி’. அது 15-இன் நான்கு மடங்கு. ஆண்டுச் சராசரிக்கு இந்திய வரம்பு 40, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 5. வருடம் முழுவதும் நாள்தோறும் 40 மைக்ரோகிராமைச் சுவாசிக்கும் ஓர் ஊர், சட்டப்படி ஒரு குறையும் இல்லாத ஊர். அங்கே ஒவ்வொரு நாளும் குறியீடு 67 என்று காட்டும். பலகையில் பச்சை நிறம்.

கந்தக டை ஆக்சைடில் இடைவெளி இன்னும் பெரியது. நாள் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 40, இந்திய வரம்பு 80. குறியீட்டிலோ 380 வரை ‘மிதம்’. நாட்டின் சொந்த வரம்பைப் போல நாலே முக்கால் மடங்கு கந்தகக் காற்றுக்குக் கிடைக்கும் சொல் அதுதான்.

சராசரி நேரத்தில் மட்டும் எடுக்கப்படுவதில்லை, இடத்திலும் எடுக்கப்படுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணி நிலவரப்படி நகரங்களின் பட்டியலை வெளியிடுகிறது. ஒரு நகரத்தில் பல நிலையங்கள் இருந்தால் அவற்றின் சராசரியே நகரத்தின் எண். சென்னையின் நிலையங்களில் ஒன்று ஆலந்தூர் பேருந்துப் பணிமனையில் இருக்கிறது, ஒன்று வேளச்சேரியில், இன்னொன்று மணலியில். ஓரிடத்தில் 60-ம் வேறோரிடத்தில் 180-ம் பதிவானால் அறிவிக்கப்படுவது 120. அந்த 120-ஐ எந்தத் தெருவிலும் எவரும் சுவாசிக்கவில்லை.

இரவின் கணக்கும் வேறு. பகலில் தரை சூடாகிறது, காற்று மேலெழுகிறது, பிற்பகலில் கடற்காற்று வந்து கலைக்கிறது. இரவில் தரை குளிர்ந்ததும் அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்கிவிடுகிறது. மேலே இருப்பது அதைவிட வெப்பமான காற்று. இதற்கு வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று பெயர். இந்த நேரத்தில் தரையருகே வெளியாகும் புகை மேலே போக வழியில்லை. அதே அளவு புகைதான், ஆனால் கலக்கக் கிடைக்கும் காற்று குறைவு. அதிகாலையில் துணி உலர்த்த மாடிக்குப் போகிறவரும், பால் போட சைக்கிளில் கிளம்புகிறவரும் நாளின் மிக மோசமான காற்றில் நடமாடுகிறார்கள். மாலை 4 மணி அறிக்கைக்குள் அவர்களின் காலை ஐந்து மணி கரைந்துபோகிறது.

காற்றை இடைவிடாமல் தானாக அளக்கும் தொடர்நிலையங்கள் இல்லாத ஊர்களில் கைமுறை அளவீடு உண்டு. ஒரு வடிதாளை எடைபோட்டு, கருவியில் பொருத்தி, எட்டு மணி நேரம் காற்றை இழுக்கச் செய்கிறார்கள். வெள்ளையாகப் போன தாள் சாம்பல் நிறமாக வெளியே வருகிறது. மறுபடி எடைபோட்டு, கூடிய எடையை உள்ளே போன காற்றின் அளவால் வகுக்கிறார்கள். நேர்மையான, நம்பகமான முறை. ஆனால் விதிப்படி இது வாரத்துக்கு இரண்டு நாள், வருடத்துக்கு 104 நாள். மற்ற 261 நாள் வடிதாள் இல்லை. குப்பைக்கிடங்கு ஞாயிறு இரவு பற்றி எரிந்து, தாள் புதன்கிழமை பொருத்தப்பட்டால், அந்தத் தீ ஆவணத்தில் நடக்கவே இல்லை.

எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தைச் சுற்றி வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட், 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட மூன்றாம் நிலை 800 மெகாவாட். பக்கத்தில் வல்லூர் அனல் மின் நிலையம், 1,500 மெகாவாட். எல்லாமே நிலக்கரி. தெற்கே மணலியில் ஆண்டுக்கு 105 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை. மத்திய வாரியம் 2009-இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, 100-க்கு 70-க்கு மேல் வந்தவை ‘அபாயகரமாக மாசடைந்தவை’ என்று வகுக்கப்பட்டன. மணலி பெற்றது 76.32.

நிலக்கரி எரிந்தால் அதிலுள்ள கந்தகம் கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். அது புகைபோக்கியோடு முடிவதில்லை. காற்றில் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் பயணம் செய்து, அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்து சல்பேட் துகளாக மாறுகிறது. அந்தத் துகளும் பி.எம். 2.5 தான். புகைபோக்கியின் அடியில் நின்று அளந்தால் இது தெரியாது. பல கிலோமீட்டர் தள்ளி, ஆலையே இல்லாத ஊரில் தெரியும்.

இதைத் தடுக்கும் கருவி பழையது, பல நாடுகளில் நன்கு பழகியது. சுண்ணாம்புக்கல் கரைசலால் புகையைக் கழுவும் கந்தக நீக்கி. இந்தியாவில் அதன் காலவரிசை இது. 2015 டிசம்பர் 7: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களுக்குக் கந்தக உமிழ்வு வரம்பை அறிவித்தது, இரண்டு ஆண்டு அவகாசம். 2017 டிசம்பர் வந்தது, கெடு 2022 வரை நீண்டது. 2021-இல் நிலையங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டு, கெடு 2022 முதல் 2024 வரை என்றானது. 2022 செப்டம்பரில் 2024 முதல் 2026 வரை. 2024 டிசம்பரில் 2027 முதல் 2029 வரை. 2025 ஜூலை 11-ஆம் தேதி அறிவிக்கையில், பெருநகரங்களிலிருந்தும் மாசு மிகுந்ததாக வகைப்படுத்தப்பட்ட பகுதிகளிலிருந்தும் 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலையங்களுக்கு, புகைபோக்கி உயர விதியை நிறைவேற்றினால் போதும் என்ற நிபந்தனையோடு, கந்தக வரம்பிலிருந்தே விலக்கு. நாட்டின் நிலக்கரி மின் நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இந்த வகையைச் சேர்ந்தவை.

உயரமான புகைபோக்கி கந்தகத்தைக் குறைப்பதில்லை. விழும் இடத்தைத் தள்ளிவைக்கிறது.

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சுமார் 130 நகரங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. இந்த நகரங்களின் முன்னேற்றம் பி.எம். 10 என்ற பெரிய துகளை மட்டும் வைத்து மதிப்பிடப்படுகிறது. சாலைப் புழுதி அதில் பெரும்பங்கு. சாலையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்தால் பி.எம். 10 குறையும், மதிப்பெண் கூடும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் கணக்குப் பார்த்தது. செலவான நிதியில் 64 விழுக்காடு சாலைப் புழுதிக்குப் போயிருந்தது. தொழிற்சாலை மாசுக்குப் போனது 0.61 விழுக்காடு. அளக்கப்படுவது எதுவோ, பணம் அங்கே போயிருக்கிறது.

உடலின் கணக்கு சராசரியைப் பார்ப்பதில்லை. 2008 முதல் 2019 வரை இந்தியாவின் பத்து நகரங்களின் இறப்புப் பதிவுகளை பி.எம். 2.5 அளவோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2024 ஜூலையில் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நாள் அளவைத் தாண்டிய துகளால் சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 2,900 இறப்புகள், மொத்த இறப்பில் 4.9 விழுக்காடு என்பது அதன் மதிப்பீடு. இந்திய வரம்புக்குள் இருந்த நாட்களிலும் இறப்பு கூடியது. துகள் குறைவாக இருந்த நகரங்களில், சேரும் ஒவ்வொரு மைக்ரோகிராமின் பாதிப்பும் அதிகமாக இருந்தது. ஆறு மாதத்துக்குள் அதே இதழில் மாவட்ட வாரியான இன்னோர் ஆய்வு வந்தது. ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 8.6 விழுக்காடு கூடுகிறது. ஆண்டுச் சராசரி 5-க்குக் கீழே இருக்கும் பகுதியில் வாழும் இந்தியர் ஒருவரும் இல்லை.

சொந்த ஊரை மதிப்பிட விரும்புகிறவர், செயலி காட்டும் எண்ணைத் தொட்டு, அது எந்த நிலையத்திலிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். நிலையம் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த எண் இந்த ஊருடையது அல்ல. எந்தெந்த மாசு அளக்கப்படுகிறது, எத்தனை மணி நேரம் விடுபட்டிருக்கிறது என்பவை மத்திய வாரியத்தின் தளத்தில் மணிவாரியாகக் கிடைக்கும். குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் கணக்கைப் பார்ப்பது நல்லது. இரவு 10 முதல் காலை 8 வரையிலான மணிகளைத் தனியே பார்ப்பது இன்னும் நல்லது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் லேசர் உணரிகள் தெருவின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். ஆனால் கடலோர ஊர்களில் அதிகாலை ஈரப்பதத்தில் துகள் நீர் ஏறிப் பருத்துவிடுவதால் அவை கூட்டிக் காட்டும். அரசு நிலையத்தின் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்ட பிறகே அந்த எண்ணை நம்பலாம். பெரிய ஆலைகளின் புகைபோக்கி அளவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் அவற்றைக் கேட்டுப் பெற எவருக்கும் உரிமை உண்டு. கேட்க வேண்டும். ஒருவர் கேட்பதைவிட ஒரு தெரு சேர்ந்து கேட்பது பலன் தரும்.

தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட நகராட்சிகளும் 400-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு தொடர்நிலையம்கூட இல்லை. மாலை 4 மணிப் பட்டியலில் அவற்றின் பெயர் நல்லது என்ற வரிசையிலும் வருவதில்லை, மோசம் என்ற வரிசையிலும் வருவதில்லை.