வேடமும் அடையாளமும்

நடிப்பு என்பது, ஒருவர் தம் அடையாளத்தை விடுத்து மற்றொருவராக மாறிக் காட்டும் கலை. கூத்தில் ஏழை உழவர் அரசராகலாம். அவை அதனை ஏற்கும். ஆனால், அந்த உரிமை எல்லாக் கலைஞருக்கும் கிட்டியதா? பி. கே. ரோசியின் வாழ்வு இவ்வினாவை எழுப்புகிறது.

ரோசி, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்தில் பிறந்தவர். சிவன், பார்வதி கதையைத் தமிழும் மலையாளமும் கலந்து நிகழ்த்தும் காக்காரிசி நாடகத்தில் தேர்ந்தவர். அகத்தீசுவரத்தோடு தொடர்புடைய ஜே. சி. டேனியல், மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை உருவாக்கினார். அதில் ரோசி, சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணாக நடித்தார்.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் 1930ஆம் ஆண்டு படம் திரையிடப்பட்டது. 1928 என்பாரும் உளர். ஒடுக்கப்பட்ட பெண் உயர்குலப் பெண்ணாகத் தோன்றியதைப் பொறாத கூட்டம் திரையின்மீது கல்லெறிந்தது. நாயகன் அவர் கூந்தல் மலரை முத்தமிடும் காட்சி, சினத்தை மேலும் மூட்டியது என்பர்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். ஊமைப்படத்தில் குரலுக்கு இடமில்லை. பேச்சுவழக்கைக் கொண்டு பிறப்பை அறிய இயலாது. திரையில் இருந்தவர் சரோஜினி. அவையினர் கண்டதோ, திரைக்கு வெளியே தாம் அறிந்திருந்த சாதியை. எனவே, அவர்கள் சினந்தது நடிப்பின் குறைக்காக அன்று, நடித்தவரின் பிறப்புக்காக.

ரோசியின் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. அவர் நாகர்கோவில் நோக்கிச் சென்ற சரக்குந்து ஒன்றில் ஏறித் தப்பினார். அதன் ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, நாகர்கோவில் வடசேரிப் பகுதியில் ராஜம்மாள் என்னும் பெயரில் வாழ்ந்தார். மீண்டும் திரையில் தோன்றவில்லை. திரையில் சில நாழிகை ஏற்ற வேடத்தை மறுத்த சமூகம், வாழ்நாள் முழுவதும் தம்மை மறைத்து வாழும் வேடத்தை அவர்மீது சுமத்தியது.

டேனியலின் நிலையும் எண்ணத்தக்கது. தமிழ்நாட்டில் வாழ்ந்தவர் என்பதால் கேரள அரசின் உதவித்தொகை அவருக்கு மறுக்கப்பட்டது என்பர். 1975இல் அகத்தீசுவரத்தில் மறைந்த அவர் பெயரால், 1992 முதல் கேரள அரசு விருது வழங்கி வருகிறது. 1956இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை, அதற்கு முன்னரே இரு மொழிகளிலும் வேர்கொண்டிருந்த வாழ்வை முழுமையாக அளக்கவில்லை.

'விகதகுமாரன்' படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. ஆயினும், 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் நிறுவனம் ரோசியின் ஓவியத்தைத் தன் முகப்பில் வெளியிட்டுச் சிறப்பித்தது. புலையர் மகள், நாடகக் கலைஞர், முதல் நாயகி, வடசேரி ராஜம்மாள் என அனைத்தும் அவரே. ஒன்றை மட்டும் கண்டு மற்றவற்றை மறுப்பது, மனிதரை அறியும் முறையாகாது. கலைஞரை அவர்தம் கலையால் அளப்பதே நல்ல அவைக்கு அழகு.